ஒன்பதாவது இலக்கம்

எனக்குப் பொறாமை அதிகம். இதைச் சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை, என்னைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். கூடப் படித்தவனுக்குக் காலேஜில் வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டால் எரியும். எதிர்வீட்டுக்காரன் கார் வாங்கினால் எரியும். அதெல்லாம் ரெண்டு நாள், மிஞ்சிப்போனால் ஒரு வாரம். ஒரே ஒருத்தர் மேல் பட்டது மட்டும் இன்றுவரை ஆறவில்லை. அவர் பொம்மனஹள்ளியில் நான் வேலை பார்க்கிற கார்மென்ட் கம்பெனியில், பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா. நான் எம்.எஸ்சி. கணக்கு, திருப்பத்தூரில் படித்தவன். அவர் அடுகோடி தமிழ் ஸ்கூலில் பத்தாவது.

பத்தாவதில் கணக்கில் எவ்வளவு என்று ஒருமுறை கேட்டேன். கேட்டதில் நல்ல எண்ணம் எதுவும் கிடையாது.

“எழுபத்தொண்ணு சார்” என்றார். உடனே, “அதுவும் உடையாது” என்று சொல்லிச் சிரித்தார்.

உடையும், உடையாது. இந்த இரண்டு வார்த்தையில்தான் அந்த அம்மா உலகத்தையே பிரித்து வைத்திருந்தார். எங்கள் செக்‌ஷனில் ஓர் ஆர்டரைப் பெட்டி பெட்டியாகப் பிரிப்பதை ‘உடைப்பது’ என்போம். ஆயிரத்து இருநூறு பீஸ் வந்தால், ஐம்பது பெட்டி, பெட்டிக்கு இருபத்துநாலு. மீதி விழாமல் உடைந்தால் நல்ல ஆர்டர். எங்களுக்கு அது வேலை, அவருக்கு அது வியாதி. பஸ் நம்பர், லாரி நம்பர், கேஸ் சிலிண்டரில் போட்டிருக்கிற நம்பர், எதைப் பார்த்தாலும் உதடு லேசாக அசையும். கொண்டையில் பென்சில் செருகியிருப்பார். கையில் டேப் கன் சர்ரென்று இழுத்துக்கொண்டே இருக்கும். “நாலு பதிமூணு… அப்பறம் ஒரு முப்பத்தேழு” என்று தனக்குள் முணுமுணுத்துக்கொள்வார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் ஐடி கார்டு கொடுத்தார்கள். என் நம்பர் 2039. அந்த அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனவர், நின்று என் கழுத்தில் தொங்குகிற கார்டைப் பார்த்தார். நான் ஒரு மாதிரி ஆகிவிட்டேன்.

“சார் நம்பர் உடையாது” என்றார். “நல்ல நம்பர். என்னுது பாருங்க, 1938. ரெண்டு, மூணு, பதினேழு, பத்தொன்பது. தட்டினா நாலா உதிர்ந்துடும்.”

அன்று முழுக்க எனக்கு குஷி. என் நம்பர் பகா எண், என்னைப் போலவே என்று ஒரு நினைப்பு. மத்தியானம் கால்குலேட்டரில் சரிபார்த்தேன், உடையவில்லை. அவர் அதை நடந்துகொண்டே பார்த்திருக்கிறார் என்பது சாயங்காலம்தான் உறைத்தது. அங்கே ஆரம்பித்தது எனக்கு.

என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் எரிச்சல் புரியாது. பிஎச்.டி.க்கு இரண்டு முறை நேர்முகத்துக்குப் போய் இரண்டு முறையும் திரும்பியவன் நான். எண்கோட்பாட்டில் ஆராய்ச்சி செய்வதாகத்தான் திட்டம். ஓசூரில் கொஞ்ச நாள் டியூஷன் எடுத்தேன், அப்புறம் தெரிந்தவர் சொல்லி இங்கே பேக்கிங் பிளானர் ஆனேன். ஆபீசில் என் மேஜை டிராயரில் பழைய நோட்டுகள் இரண்டு எப்போதும் இருக்கும். திறந்து பார்ப்பது கிடையாது. இந்தத் தளத்தில் கணக்குத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்ற ஒரே நினைப்பில்தான் தினமும் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தேன். அதிலும் மண் விழுந்தது.

விழுந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. குழந்தைகள் பனியன் ஆர்டர் ஒன்று. தைத்து, சரிபார்த்து, கழிவு போக 9,991 பீஸ் தேறியது. ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையரின் கண்டிஷன், எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும், குறைப்பெட்டி ஒன்றுகூட ஆகாது. இன்வாய்ஸில் 9,991 என்று அடித்தாகிவிட்டது, லாரி வாசலில் நிற்கிறது. நான் இரண்டு, மூன்று, ஏழு, பதினொன்று என்று வகுத்துக்கொண்டே போனேன். நாற்பத்தேழு வரை போனேன், எதிலும் மீதி விழுந்தது. நூறு வரை போக வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? டியூஷனில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், மேனேஜர் தலைக்கு மேல் நிற்கிறார். அவசரத்தில், “சார், இது பகா எண். உடையாது. ஒரு பீஸை எடுத்துவிட்டு இன்வாய்ஸை மாற்றுவோம்” என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா பக்கத்து மேஜையில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“சல்ப இருங்க சார்” என்று நிறுத்தினார். “உடையுமே. தொண்ணூத்தேழு பெட்டி, நூத்திமூணு பீஸ்.”

மேனேஜர் கால்குலேட்டரைத் தட்டினார். 9,991 வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் மாண்டியாக்காரர், கோபம் வந்தால் கன்னடம்தான் வரும். “ஏன் சார், நீவு எம்.எஸ்சி. அல்வா?” என்றார். நீங்கள் எம்.எஸ்சி.தானே என்று கேட்கிறார். சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் குனிந்து வேலை பார்த்தார்கள். குனிந்த தோள்கள் குலுங்கின.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மேனேஜர் போனதும் அந்த அம்மா என் மேஜைக்கு வந்தார். “பேஜார் பண்ணிக்காதீங்க சார், இது சும்மா ஒரு வழிதான்” என்று சொல்லிவிட்டு, பாலிபேக்கில் போட்ட பனியன்களை மேஜைமேல் அடுக்க ஆரம்பித்தார். ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து. ஒரு மூலையில் இரண்டுக்கு இரண்டாக நாலு பனியனை எடுத்துவிட்டார். அடியில் இரண்டு வரிசை மூன்று மூன்றாகக் குறைந்து நின்றது. அந்த இரண்டு வரிசையையும் அப்படியே எடுத்து, திருப்பி, பக்கவாட்டில் சேர்த்தார். மூன்று வரிசை, வரிசைக்கு ஏழு.

“இருபத்தஞ்சுல நாலு போனா இருபத்தொண்ணு. மூவேழு இருபத்தொண்ணு. அதே மாதிரி நூறு வரிசை, வரிசைக்கு நூறு, பத்தாயிரம். அதுல மூலையில மூணுக்கு மூணா ஒன்பதைக் கிள்ளிட்டாங்க. அடி மூணு வரிசையை எடுத்து பக்கத்துல வெச்சா ஆயித்து.”

இது என்ன என்று எனக்குத் தெரியும். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம். எட்டாம் வகுப்பு சூத்திரம். நான் கரும்பலகையில் நூறு தடவை எழுதிப்போட்டிருக்கிறேன். எழுதிப்போட்டேனே தவிர, ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்த அம்மா பெட்டி அடுக்கி அடுக்கியே பார்த்துவிட்டார். அந்த நிமிஷம் எனக்கு வந்தது மரியாதை இல்லை. இந்த மூளை என் மண்டையில் இருந்திருந்தால் நான் இப்போது எங்கே இருந்திருப்பேன் என்ற வயிற்றெரிச்சல்தான் வந்தது.

அதற்குப் பிறகு தளத்தில் எதற்கும் “அக்காவைக் கேளு” என்று ஆகிவிட்டது. நான் பிளான் போட்டு அனுப்பினால், “அக்கா பார்த்தாச்சா?” என்று கேட்பார்கள். அந்த அம்மாவுக்கு இதில் பெருமையும் இல்லை, ஒன்றும் இல்லை. “சார் போட்டது சரியாத்தான் இருக்கும்” என்று பார்க்காமலே சொல்வார். அது இன்னும் கொடுமை. திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருக்கலாம்.

நானும் காத்துக்கொண்டே இருந்தேன், எங்கேயாவது சறுக்குவார் என்று. ஒரு நாள் சறுக்கினார். 1,517 பீஸ் வந்தது. “உடையாது சார், ஒண்ணு குறைச்சுடுங்க” என்றார். நான் விடுவேனா? மேஜைக்குப் போய் நிதானமாக வகுத்தேன். முப்பத்தேழு பெட்டி, நாற்பத்தொரு பீஸ். எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. பேக்கிங் மேஜைக்கு ஓடி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “அம்மா, இது உடையுது! முப்பத்தேழு, நாற்பத்தொண்ணு!” என்றேன்.

அவர் முகம் சுருங்கும் என்று பார்த்தேன். அது விரிந்தது. டேப் கன்னைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டினார். “அட ஆமா! முப்பத்தொன்பது ரெண்டுக்கும் நட்ட நடுவுல நிக்குதே, மூலையில நாலுதானே கிள்ளியிருக்கு, நான் எப்டி விட்டேன்!” என்றார். பக்கத்தில் இருந்த பெண்ணை உலுக்கி, “பாத்தியா, சார் புடிச்சுட்டார். நான் உடையாதுன்னேன், சார் உடைச்சுட்டார்” என்றார். சாயங்காலம் வரைக்கும் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னார். மேனேஜரிடமும் போய்ச் சொன்னார். அவர் மனசு அப்படி. நான் ஜெயித்ததைக்கூட அவர்தான் கொண்டாடினார், எனக்கு அதில் மிச்சம் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

அந்த 1,517க்குப் பிறகுதான் என்னைத் தன் ஆள் என்று அவர் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. ஒரு மத்தியானம் சாப்பாட்டு ஹாலில் என்னைக் கூப்பிட்டார். மற்ற பெண்கள் ஒரு பக்கம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர் எப்போதும் மூலையில் தனியாகத்தான் சாப்பிடுவார், பக்கத்தில் ஒரு கட்டு அட்டை இருக்கும். பெட்டியில் வெட்டி எறிகிற மடிப்புத் துண்டுகள். பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டியிருப்பார். அதில் என்ன எழுதுகிறார் என்று யாருக்கும் தெரியாது, சீட்டுக் கட்டுகிறார் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருந்தார்கள்.

“சார்கிட்ட மட்டும் காட்டறேன். சிரிக்கக் கூடாது” என்று கட்டைப் பிரித்தார்.

மேல் அட்டையில் ஒரே ஓர் எண், பெரிதாக மார்க்கரில் எழுதியிருந்தது. 73939133.

“இது உடையாது சார். வாலுலேர்ந்து ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டே வாங்க.” விரலால் கடைசி இலக்கத்தை மறைத்தார். “7393913. இதுவும் உடையாது.” இன்னொன்றை மறைத்தார். “739391. உடையாது. 73939. 7393. 739. எழுபத்திமூணு. ஏழு. எங்க நிறுத்தினாலும் உடையாது.”

நான் டிபன் பாக்ஸை நகர்த்திவிட்டு அட்டையை என் பக்கம் இழுத்தேன்.

“பெட்டி அடுக்கற மாதிரிதான். அடிப்பெட்டி கெட்டியா இருந்தாதானே மேல ஒண்ணு வெக்க முடியும்? ஏழுல ஆரம்பிச்சேன். பக்கத்துல ஒண்ணு, மூணு, ஏழு, ஒன்பது, இந்த நாலுல ஒண்ணுதான் வெக்கலாம். மத்தது வெச்சா உடனே உடைஞ்சிடும். எது நிக்குதுன்னு வகுத்து வகுத்துப் பாக்கணும். சாப்பாட்டு நேரத்துல மூணு வகுத்தல், தினம். அதுக்கு மேல பண்ணமாட்டேன், தப்பு வரும். ஏழாவதுக்கு ஆறு மாசம் ஆச்சு. எட்டாவதுக்கு ஒரு வருஷத்துக்கு மேல.”

“எதுக்கும்மா இது?” என்றேன்.

“எதுக்குன்னா…” யோசித்தார். “நாள் பூரா உடைச்சு உடைச்சுக் குடுக்கறோம். உடையாம ஒண்ணு நம்ம கையில வளரட்டுமேன்னுதான். வீட்ல சொன்னா சிரிப்பாங்க. இப்ப ஒன்பதாவது வெக்கணும். ஒண்ணும் ஏழும் வெச்சா மூணால உடையுது. மூணு வெச்சேன், பத்தாம் நாளே நூத்தியிருபத்தேழு வந்து உடைச்சிடுச்சு. மிச்சம் இருக்கறது ஒன்பதுதான். ரெண்டு மாசமாச்சு, எழுநூறு கிட்ட வந்துட்டேன், இன்னும் நிக்குது. இது நின்னுடும் சார். என் மனசு சொல்லுது.”

சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. முப்பத்தைந்து வயதுப் பெண், காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு, ஓசூர் ரோட்டில் பஸ்ஸில் நசுங்கி வந்தவர், மத்தியானம் தயிர்சாதத்துக்கு நடுவே அப்படி ஒரு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். கணக்குக்கென்று வாழ வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அவர் வாழ்ந்துகொண்டிருந்தார். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்தேன்.

மேஜைக்குத் திரும்பியதும் கம்ப்யூட்டரில் பத்து வரி புரோகிராம் எழுதினேன். இதே விதி. ஒற்றை இலக்கத்தில் ஆரம்பி, ஒவ்வொன்றாகச் சேர், எது நிற்கிறது என்று காட்டு. எண்டர் தட்டிய கையை எடுப்பதற்குள் விடை வந்துவிட்டது. அவருடைய ஒன்பதாவது இலக்கம் நிற்காது. அது மட்டும் இல்லை. எதில் ஆரம்பித்தாலும், எந்த வழியில் போனாலும், எட்டு இலக்கத்துக்கு மேல் யாராலும் போக முடியாது. இந்த உலகத்தில் அப்படிப்பட்ட எண்களே மொத்தம் எண்பத்து மூன்றுதான். சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகத் திரையில் நின்றன. கடைசியில் நின்றது 73939133.

இரண்டு, மூன்று தடவை பார்த்தேன். எல்லாவற்றிலும் பெரியது அதுதான். அட்டைத் துண்டையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு மூன்று வகுத்தல் என்று போய், அந்த அம்மா உச்சியில் போய் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்திருப்பது அவருக்கே தெரியாது. எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொய் சொல்லவில்லை.

மறுநாள் சாப்பாட்டு ஹாலில் நேராக அவரிடம் போனேன். அந்தப் பெண்கள் வட்டத்துக்கு நன்றாகக் கேட்கும்படி நின்றுகொண்டேன்.

“அம்மா, ஒன்பதாவது கிடையாது. கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டேன். ஒரு செகண்ட்ல சொல்லிடுச்சு. சும்னே கஷ்டப்படாதீங்க, விட்டுடுங்க.”

பென்சிலோடு நிமிர்ந்து பார்த்தார். பாதி வகுத்தலில் இருந்தார்.

“எதால உடையுது சார்?”

எனக்குத் தெரியவில்லை. நிற்குமா நிற்காதா என்று மட்டும்தான் நான் கம்ப்யூட்டரைக் கேட்டிருந்தேன். எதால் என்று கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. “அது எதுக்கு? உடையுது, அவ்வளவுதான்” என்றேன்.

“அப்ப எட்டோட சரியா?”

“எட்டோட சரி.”

ஒரு பெண், “அப்பாடா, இனிமேலாவது அக்கா எங்களோட உக்காந்து சாப்பிடுவாங்க” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பென்சிலைக் கொண்டையில் செருகினார். அட்டைகளை அடுக்கிப் பட்டையைப் போட்டுக் கட்டினார். போகிற வழியில் கழிவு அட்டை நசுக்கும் மிஷின் இருந்தது. அதன் பக்கத்துக் குவியலில் அந்த அட்டைக் கட்டை வைத்துவிட்டு டேப் ஒட்டப் போனார்.

மறுபாதியைச் சொல்ல அப்போது எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. உங்கள் எண்தான் எல்லாவற்றிலும் பெரியது, அதைத் தாண்டி யாராலும் போக முடியாது என்று. நாக்கு நுனியில் இருந்தது. முழுங்கினேன். நான் சொன்ன பாதி சத்தியமான உண்மை. பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கு ஒரு மன்னிப்பாவது கேட்டிருப்பேன். உண்மையைத்தானே சொன்னோம் என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டினேன்.

அதற்குப் பிறகு அந்த அம்மா மற்றவர்களோடு வட்டத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். போனில் சீரியல் பார்த்தார். ஆர்டரை உடைக்கச் சொல்லிக் கேட்டால் உடைத்துக் கொடுப்பார், அவராக வாயைத் திறக்க மாட்டார். மேனேஜர் மறுபடி என்னிடமே வர ஆரம்பித்தார். நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தேனா என்றால், இருந்தேன், அதையும் மறைப்பானேன். ஒரு மாதம் நன்றாகவே இருந்தது. அப்புறம் ஒரு நாள் லாரி ஒன்று வந்து நின்றது. நம்பரைப் பார்த்தேன். அந்த அம்மாவைப் பார்த்தேன். உதடு அசையவில்லை. அன்றுதான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

நாளைக்குச் சொல்லிவிடலாம், திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பேக்கிங் செக்‌ஷனை வேறு யூனிட்டுக்கு மாற்றினார்கள். அடுகோடியிலிருந்து அவ்வளவு தூரம் அவரால் போக முடியாது, வேலையை விட்டுவிட்டார். கடைசி நாளில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். “வரேன் சார்” என்றார். நான் வாயில் மைசூர்பாகோடு தலையை ஆட்டினேன்.

ஐந்து வருஷம் ஆயிற்று. போன மாதம் மடிவாளா மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். “சார்!” என்று ஒரு குரல். நிமிர்ந்தால் அந்த அம்மா. கொஞ்சம் இளைத்திருந்தார், காதோரம் நரைத்திருந்தது. கோரமங்களாவில் ஓர் ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் வேலையாம். வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டார், கம்பெனி எப்படி இருக்கிறது என்று கேட்டார். கிளம்பப் போனவர் நின்றார்.

“சார், ஒண்ணு கேக்கலாமா? சிரிக்கக் கூடாது.”

எதைக் கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கை வெங்காயத்திலேயே நின்றது.

“அந்த நம்பர். ஒன்பதாவது இல்லைன்னு சொன்னீங்களே. அன்னிலேர்ந்து ஒரே உறுத்தலா இருக்கு. ஏழுல ஆரம்பிச்சதுதான் தப்போ? ரெண்டுலயோ மூணுலயோ ஆரம்பிச்சிருந்தா இன்னும் மேல போயிருக்குமோ? மூணு வருஷம் மத்தியான சோறு சார், தப்பான வழியில போயிட்டேனோன்னு நெனச்சா மனசு ஆறமாட்டேங்குது. அந்த கம்ப்யூட்டர் அதைப் பத்தி ஏதாவது சொல்லுச்சா?”

சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. ஐந்து வருஷமாக மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த வார்த்தைகள். இப்போது அவரே வந்து கையை நீட்டிக் கேட்கிறார். வாயைத் திறந்தேன். திறக்கும்போதே அந்த முகம் எப்படி ஆகும் என்று தெரிந்தது. சாப்பாட்டு ஹாலில் பார்த்தேனே, அந்த வெளிச்சம். அது திரும்பி வரும். வந்தால் போகாது, சாகும்வரை அவரிடமே இருக்கும். என்னிடம் என்ன இருக்கிறது? டிராயரில் இரண்டு நோட்டு.

“தெரியலம்மா” என்றேன். “நான் ஏழுல ஆரம்பிக்கறதை மட்டும்தான் போட்டுப் பாத்தேன். வேற வழியில போயிருந்தா போயிருக்கலாம்.”

மெல்லத் தலையை ஆட்டினார். “அதான் நெனச்சேன். என் கைராசி அப்படி” என்றார். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

“பரவால்ல சார். கேட்டதுக்கு உண்மையைச் சொன்னீங்களே, அது போதும்.”